கான்கிரீட் வீட்டில் கோடையைச் சமாளிக்க, மொட்டை மாடியில் இருந்து தொடங்குங்கள்

கோடை வந்துவிட்டால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏசி, ஏர் கூலர், புது ஃபேன் என்று அறைக்குள் வைக்கிற பொருட்கள்தான். நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் மொட்டை மாடி, அடுத்து மேற்குச் சுவர், அதற்கப்புறம் ஜன்னலைத் திறந்து மூடும் நேரம், பிறகு ஃபேன், இதெல்லாம் செய்தும் தாங்கவில்லை என்றால் ஏசி. தமிழ்நாட்டில் கான்கிரீட் தளம் போட்ட வீட்டில், அதிலும் மேல் மாடியில் குடியிருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றினால் கரண்ட் பில் ஏறுமே தவிர வெக்கை குறையாது.

ஏன் மொட்டை மாடி? நம் ஊர்க் கோடையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே, சென்னையில் ஏப்ரல் 25 வாக்கில், நண்பகலில் நம் நிழல் காலடியிலேயே விழும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடு வரைக்கும் நண்பகல் சூரியன் சற்று வடக்கே சாய்ந்துதான் போகும், அதனால்தான் வடக்கு ஜன்னல் எப்போதும் குளிர்ச்சி என்று நம்பி வீடு கட்டியவர்களுக்கும் மே மாதத்தில் அந்தப் பக்கம் வெயில் எட்டிப்பார்க்கிறது. தெற்குச் சுவர் அந்த மாதங்களில் பெரும்பாலும் தப்பிவிடும். கிழக்கும் மேற்கும் ஆளுக்கு அரை நாள் வாங்கும். காலையிலிருந்து மாலை வரை இடைவிடாமல் வாங்குவது கூரை மட்டும்தான்.

எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டுக் கோடையில் ஒரு சதுர மீட்டர் தளத்தின் மேல் ஒரு நாளில் விழும் வெயில் சுமார் 6 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம். 500 சதுர அடி தளம் என்றால் 46 சதுர மீட்டர், அதாவது ஒரே நாளில் 270 யூனிட்டுக்கு மேல். விழுகிற அத்தனையும் உள்ளே இறங்கிவிடாது, ஒரு பகுதி திரும்பிப் போகும், ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். ஆனாலும் நாலு, ஐந்து அங்குலக் கான்கிரீட் அதில் கணிசமான பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, மத்தியானம் வாங்கியதைச் சாயங்காலத்திலிருந்து நள்ளிரவு வரைக்கும் மெதுவாக நம் மேல் இறக்குகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டூல் மேல் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வெளியே காற்று ஆறியிருக்கும், கூரை இன்னும் சுடும். படுக்கும்போது ஃபேன் அனலாக வீசுவதற்கும் இதுதான் காரணம். கூரையை ஒட்டித் தேங்கி நிற்கும் சூட்டைத்தான் அது கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஆகவே கூரைக்குள் வெயில் இறங்காமல் மேலேயே மறிப்பதுதான் வேலை. உள்ளே இறங்கிய சூட்டை வெளியேற்றுவது கஷ்டம், செலவும் அதிகம்.

வெள்ளை அடிப்பது

இருப்பதிலேயே குறைந்த செலவில் அதிகம் பலன் தருவது இது. வருடங்கள் ஆகிக் கறுத்துப்போன சிமென்ட் தளம், மேலே விழும் வெயிலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளை அடித்த தளம் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பும். மே மாத மத்தியானத்தில் சாம்பல் நிறத் தளம் 60 டிகிரியைத் தொடும், செருப்பில்லாமல் நிற்க முடியாது. வெள்ளைத் தளத்தில் நிற்கலாம். கீழே அறையில் இரண்டு முதல் நாலு, ஐந்து டிகிரி வரை குறையும். வீட்டைப் பொறுத்து மாறும், ஆனால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். அகமதாபாத் 2010 மே மாதத்தில் கடுமையான வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த பிறகு 2013இல் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் வகுத்தது, பின்னாளில் ஏழைகள் வாழும் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அதில் சேர்ந்துகொண்டது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. பெரிய செலவில்லாமல் எளியவர்களும் செய்துகொள்ளக்கூடியது என்பதால்தான் அரசுகளே இதைக் கையில் எடுக்கின்றன.

செய்யும் காலம் மாசி, பங்குனி. கார்த்திகை, மார்கழி மழையெல்லாம் ஓய்ந்து தளம் நன்றாகக் காய்ந்திருக்கும், பெயிண்டர்களும் கிடைப்பார்கள். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிய பிறகு ஓடினால் ஆளும் கிடைக்காது, அந்த வெயிலில் மேலே நின்று வேலை செய்வதும் ஆபத்து.

முதலில் தளத்தைப் பெருக்கி, பாசி படிந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் இருந்தால் இப்போதே அடைத்துவிடுங்கள், வெள்ளை அடித்த பிறகு மழை பெய்து ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கப் பெரும்பாடு. கடையில் பொடிச் சுண்ணாம்பு கிடைத்தால் வேலை சுலபம். கல் சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பு என்றால் முந்தின நாளே இரும்பு டிரம்மில் நீற்ற வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பைப் போட்டு அதன் தலையில் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. மறுநாள் துணியில் வடிகட்டி, ஃபெவிகால் மாதிரி ஒரு பசையைக் கலந்து, பால் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். பசை சேர்க்காவிட்டால் நடக்கிற கால் எல்லாம் வெள்ளையாகும், முதல் மழையிலேயே கரைந்து ஓடும்.

வெயில் தாழ்ந்த பிறகு, தளத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். சூடான தளத்தில் அடித்தால் உடனே காய்ந்து பொரிந்துவிடும். ஒரே கெட்டியான பூச்சாக அடிக்காமல் மெல்லியதாக இரண்டு கை, முதல் கை கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது தெற்கு வடக்காக. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கால் மணி நேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சுண்ணாம்பு ஒரு கோடைக்குத்தான் தாங்கும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். சில வருடங்களுக்கு நிற்க வேண்டும் என்றால் கூல் ரூஃப் பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள். டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், வெயிலில் பூச்சு எவ்வளவு சூடாகாமல் இருக்கும் என்பதைக் காட்டும் அளவு அது, 100ஐ ஒட்டியோ அதற்கு மேலேயோ இருந்தால் நல்லது. எண்ணே போடாமல் வெறும் "ஹீட் ப்ரூஃப்" என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாங்க மாட்டேன். சுவருக்கு அடிக்கிற சாதாரண வெள்ளை எமல்ஷனைத் தளத்தில் அடித்துப் பணத்தை வீணாக்காதீர்கள், தண்ணீர் தேங்கும் இடத்தில் உரிந்து வந்துவிடும். இன்னும் நிரந்தரமாக வேண்டும், சொந்த வீடு, கையில் பணம் இருக்கிறது என்றால் கூலிங் டைல்ஸ் பதிக்கலாம். எதைச் செய்தாலும் மேலே தூசி படிந்தால் பலன் பாதியாகிவிடும், ஆகவே கோடை முடியும் வரை அவ்வப்போது பெருக்கிக் கழுவிவிட வேண்டும்.

பழைய வீடுகளில் கான்கிரீட்டுக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, அதன் மேல் தட்டோடு எனும் தட்டையான சுட்ட ஓடுகளைப் பதித்திருப்பார்கள். அந்த அடுக்கு மழைக்கும் காப்பு, வெயிலுக்கும் காப்பு. இப்போது பல வீடுகளில் மேலே இன்னொரு மாடி எடுக்கப்போகிறோம் என்று சொல்லி அதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள், பில்லர் கம்பிகள் துருப்பிடித்து நிற்க பத்து வருடம் போய்விடும், கீழே இருப்பவர்கள் பத்துக் கோடையும் வெந்துகொண்டிருப்பார்கள். மாடி எடுப்பது எப்போது என்று தெரியாவிட்டால் வெள்ளையாவது அடித்துவிடுங்கள்.

நிழல் போடுவது

வெயில் தளத்தைத் தொடாமலே செய்துவிட்டால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. மாடித் தோட்டக்காரர்கள் கட்டும் பச்சை நிற ஷேட் நெட் 50 சதவீதம், 75 சதவீதம், 90 சதவீதம் என்று நிழல் அளவைப் பொறுத்துக் கிடைக்கும். செடிக்கு 50 போதும், வீட்டுக்கு என்றால் 75க்குக் குறையாமல் வாங்குங்கள். பில்லர் கம்பிகளிலோ மூங்கில் நட்டோ ஆள் நடக்கிற உயரத்தில் கட்ட வேண்டும். வலைக்கும் தளத்துக்கும் நடுவில் காற்று தாராளமாக ஓட வேண்டும், அந்த இடைவெளிதான் உண்மையில் வேலை செய்கிறது. தளத்தின் மேல் அப்படியே விரித்துப் போட்டால் வலையும் சூடாகித் தளத்தையும் சூடாக்கும். கோடை மழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்றை நினைத்து முடிச்சுகளைப் போடுங்கள், நாலு மூலையிலும் இழுத்துக் கட்டி நடுவில் குறுக்குக் கயிறு கொடுத்தால்தான் நிற்கும்.

மாடியில் ஷீட் போட்டு ஷெட் இறக்குவது இப்போது எல்லா ஊரிலும் பார்க்கிறோம். நல்ல ஏற்பாடுதான், துணி காயப்போடலாம், மழைக்கும் ஆகும். ஆனால் நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் அடைத்து ஓர் அறை மாதிரி ஆக்கிவிட்டால் ஷீட்டின் சூடு அங்கேயே தங்கி மறுபடி தளத்துக்கு இறங்கும். ஷெட்டின் மேல்பக்கம் வெளிர் நிறமாக இருக்கட்டும்.

தென்னங்கீற்றுப் பந்தலுக்கு ஈடான குளிர்ச்சி வேறு எதற்கும் கிடையாது, தனி வீடு, சுற்றிலும் இடம் இருக்கிற கிராமம் என்றால் தாராளமாகப் போடுங்கள். நெருக்கமான தெருவில் வேண்டாம், காய்ந்த கீற்றில் ஒரு பொறி விழுந்தால் பக்கத்து வீடும் சேர்ந்து போகும்.

செடி கொடிகளும் நிழல்தான். தொட்டிகளை நேராகத் தளத்தில் வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டிலோ வையுங்கள், தளத்தில் ஈரம் தங்கிக் கம்பி துருப்பிடிக்காது. பாகல், பீர்க்கு, கோவை மூன்றும் பந்தலை நன்றாக மூடும். கத்திரி வெயிலுக்கு நிழல் வேண்டும் என்றால் தை மாதத்திலேயே நட்டுவிட வேண்டும்.

தண்ணீர் ஊற்றுவது

சாயங்காலம் மாடியில் தண்ணீர் ஊற்றுவது நம் வீடுகளில் காலம் காலமாக நடப்பது. வேலையும் செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 0.6 யூனிட்டுக்கும் மேலான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால் குடம் குடமாகக் கொட்டிக் குழாய் வழியாக ஓட விட வேண்டியதில்லை, ஓடுகிற தண்ணீரைவிட ஆவியாகும் தண்ணீர்தான் சூட்டை எடுக்கும். பழைய சாக்குகளைத் தளத்தில் விரித்து நனைத்துவிட்டால் அதே தண்ணீர் நீண்ட நேரம் நிற்கும். துணி அலசிய தண்ணீர், ஆர்.ஓ. மிஷின் கழித்துவிடும் தண்ணீர் இதற்குப் போதும். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கும் தெருவில் நல்ல தண்ணீரை மாடியில் ஊற்றுவது நியாயமில்லை.

ஐந்து, ஐந்தரை மணிக்கு, வெயில் இறங்கும் நேரத்தில் ஊற்றுங்கள். ராத்திரிக்குள் இறங்கவிருக்கும் சூட்டில் ஒரு பங்கு அப்போதே போய்விடும். தளத்தில் விரிசல் இருந்தால் இந்த வேலையே வேண்டாம், தினமும் இறங்கும் ஈரம் கம்பியைத் தின்றுவிடும்.

மாடிக்குப் போகும்போது கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையும் கவனியுங்கள். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுகிறது என்றால் தொட்டிக்கு வெளிப்பக்கம் வெள்ளை அடிக்கலாம், அல்லது ஷேட் நெட்டைச் சுற்றிக் கட்டிவிடலாம்.

ஷீட் வீடுகள்

தகர ஷீட், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் போட்ட வீடுகளின் கதை வேறு. கான்கிரீட் மாதிரி ஷீட் சூட்டைச் சேர்த்து வைக்காது, காலை ஒன்பது மணிக்கே சுட ஆரம்பித்துப் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். பகலில்தான் உள்ளே இருக்க முடியாது. ஷீட்டுக்கு மேலே வெள்ளை அடிப்பது இங்கே இன்னும் அதிகப் பலன் தரும். உள்ளே ஷீட்டுக்கு ஓர் அடி கீழே மூங்கில் பாயையோ பனையோலைப் பாயையோ கட்டி, பாய்க்கு மேலே இருக்கும் சூடு வெளியேற இரண்டு பக்கமும் இடைவெளி விடுங்கள். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் எதுவும் கட்டக் கூடாது. தெர்மாகோல் ஒட்டுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். கல்நார் ஷீட்டைச் சுரண்டுவது, அறுப்பது, துளை போடுவது கூடவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் தீராத நோய். ஷீட் மேல் ஏறி நடக்காதீர்கள், ஏணியில் நின்று நீளக் கம்பு கட்டிய ரோலரால் அடிக்கலாம்.

மேற்குச் சுவரும் ஜன்னலும்

கூரைக்கு அடுத்த எதிரி மேற்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் சாய்ந்த வெயில் சுவரில் முழுசாக அடிக்கும், சன்ஷேடு அதைத் தடுக்காது. இடம் இருந்தால் மேற்கே ஒரு புங்கமரமோ வேப்பமரமோ வையுங்கள். புங்கமர நிழலின் குளிர்ச்சி தெரிந்தவர்களுக்குத் தெரியும், பங்குனியில் புதுத் தளிர் விட்டு, வெயில் ஏறும் நேரத்துக்குச் சரியாக அடர்ந்துவிடும். மரம் வளர வருடங்கள் ஆகும், அதுவரை மேற்கு பால்கனியில் கயிறு கட்டிச் சங்குப்பூக் கொடியை ஏற்றிவிடலாம்.

ஜன்னலுக்கு மறைப்பு வெளியே இருக்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ளே வந்துவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு கனமான திரை போட்டாலும் திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குத்தான் கொடுக்கும். மூங்கில் தட்டியை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். வாடகை வீடு, ஆணி அடிக்க ஓனர் விடமாட்டார் என்றால் பழைய வெள்ளை வேட்டியை ஜன்னல் கம்பியின் வெளிப்பக்கம் கட்டினாலே போதும்.

வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது வேலூர், கரூர், ஈரோடு, மதுரை மாதிரி உலர்ந்த வெயில் அடிக்கும் ஊர்களுக்கு அருமையான வழி. காற்று தட்டி வழியாக வர வேண்டும், அதனால் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். சென்னை, கடலூர், தூத்துக்குடிக்காரர்களுக்கு இது அவ்வளவாக உதவாது, காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் புழுக்கம்தான் கூடும். ஏர் கூலருக்கும் இதே விதி. உள் மாவட்டங்களில் வாங்குங்கள், கடற்கரை ஊர்களில் வாங்காதீர்கள்.

திறப்பதும் மூடுவதும்

வீட்டை எந்நேரமும் திறந்து வைத்தால் காற்றோட்டமாக இருக்கும் என்று நினைத்து மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அனல் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியே உள்ளேயைவிடச் சூடாக இருக்கும்போது மூடு, குளிர்ந்ததும் திற. அவ்வளவுதான். விடியற்காலையில் எல்லாவற்றையும் திறந்து, எட்டரை, ஒன்பது மணிக்கு ஜன்னல், மறைப்பு எல்லாம் மூடிவிடுங்கள். உள் மாவட்டங்களில் மறுபடி திறப்பது சூரியன் மறைந்த பிறகு. சென்னையில் பெரும்பாலான நாட்களில் மத்தியான வாக்கில் கடல்காற்று வந்துவிடும், அப்போது கிழக்கு ஜன்னலைத் திறக்கலாம். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடல்காற்று தாமதமாகும், 40 டிகிரியைத் தாண்டுவது அப்படிப்பட்ட நாட்களில்தான், அன்றைக்குப் பொறுத்திருந்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

ராத்திரிதான் முக்கியம். தனி வீடு என்றால் மாடிப்படி ஏறிப்போகும் வழியின் மேல்கதவைத் திறந்து, கிரில் கேட்டை மட்டும் பூட்டிவிட்டு, கீழே ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். சூடான காற்று லேசானது, படிக்கட்டு வழியாக மேலே ஏறி வெளியே போகும், கீழே குளிர்ந்த காற்று உள்ளே வரும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றம் செய்கிற வேலை இதுதான். பழைய வீடுகளில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர் வைத்திருப்பார்கள், அட்டை வைத்து அடைத்திருந்தால் எடுத்துவிட்டுக் கொசுவலை அடியுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்தபடி, காற்று வெளியே போகும்படி வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவிட்டால் அரை மணி நேரத்தில் அறையின் சூடு வெளியேறிவிடும்.

படுக்கும்போது சீலிங் ஃபேனைவிடத் தரையை ஒட்டி வைத்த டேபிள் ஃபேன் குளிர்ச்சியாக வீசும், அது கூரைச் சூட்டைத் தொடுவதில்லை. ஃபோம் மெத்தை உடம்புச் சூட்டை வெளியே விடாது, கோரைப்பாயோ இலவம்பஞ்சு மெத்தையோ நல்லது. மொட்டை மாடியில் படுப்பதென்றால் தளத்தில் பாய் விரிப்பதைவிடக் கயிற்றுக் கட்டில் மேல், அடியிலும் காற்று போகும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் குழந்தைகளோடு படுக்காதீர்கள்.

உள்ளே நாமே உண்டாக்கும் சூடு

சமையலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டால் நிறைய வித்தியாசம். பருப்பு, சுண்டல் மாதிரி நேரம் பிடிப்பதெல்லாம் காலையில் குக்கரில். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும்போதே போடுங்கள், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடட்டும். இரவுக்குப் பழைய சோறு, மோர், துவையல் என்றால் அடுப்பே வேண்டாம். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அதன் சூடு வெளியேற இடம் வேண்டும்.

ஃபேன், ஏசி

ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, நம் மேல் உள்ள வியர்வையைக் காய வைக்கிறது. ஆள் இல்லாத அறையில் ஓடுவதால் எந்தப் பயனும் இல்லை. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் வாக்கில். தினமும் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில் ஒரு ஃபேனுக்கு மாதம் 20 யூனிட் மிச்சமாகும். அறை 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஃபேன் சூட்டைத்தான் உடம்பில் ஏற்றும், அப்போது ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு ஃபேன் அடியில் இருக்க வேண்டும், அல்லது வேறு இடத்துக்குப் போக வேண்டும்.

ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னையின் மே மாத ராத்திரியில் சில வீடுகளுக்கு அது அவசியம்தான். கூரைக்கு வெள்ளை அடித்த பிறகு போடுங்கள், அறை சீக்கிரம் குளிரும், மிஷினும் அடிக்கடி நின்று ஓடும். 26 டிகிரியில் வைத்துக் கூடவே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். வெளியே இருக்கும் யூனிட்டுக்கு நிழல் இருக்கட்டும், ஆனால் அதைச் சுற்றி அடைத்துவிடாதீர்கள். ஏர் கூலர் வைத்திருப்பவர்கள் தொட்டித் தண்ணீரை வாரத்துக்கு ஒரு முறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், டெங்குக் கொசு அதிலும் முட்டையிடும்.

வாடகைக்கு இருப்பவர்கள்

மேல் மாடியில் வாடகைக்கு இருப்பவர்கள்தான் எல்லோரையும்விட அதிகம் கஷ்டப்படுகிறார்கள், மாடியில் கை வைக்க உரிமையும் இருக்காது. ஓனரிடம் பேசும்போது வெறும் சூட்டைப் பற்றி மட்டும் சொல்லாமல், வெள்ளைப் பூச்சு அடித்தால் தளம் பகலில் விரிந்து ராத்திரியில் சுருங்குவது குறைந்து விரிசல் விழுவதும் குறையும் என்று எடுத்துச் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பொருள் செலவு அவருடையது, ஆள் கூலி நம்முடையது என்று பிரித்துக்கொள்ளலாம். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் கழற்றி எடுத்துப்போகக்கூடிய ஷேட் நெட், வெளித் தட்டி, டேபிள் ஃபேன் மூன்றும் அடுத்த வீட்டுக்கும் கூட வரும்.

வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீடு

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் வெளியே போனால்தான் ஆபத்து என்று இல்லை, மேல் மாடி அறையில் தனியாகப் படுத்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் வெப்பத் தாக்கு வரும். வயதானால் தாகம் சரியாகத் தெரியாது, பிரஷர் மாத்திரைகள் சில உடம்பின் நீரை இறக்கிவிடும். வீட்டிலேயே சூடு குறைந்த அறை எது என்று பார்த்து, அவர்களைக் கோடை முடியும் வரை அங்கே மாற்றுங்கள். கீழ்த் தளத்தில் சொந்தக்காரர்களோ தெரிந்தவர்களோ இருந்தால் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரைக்கும் அங்கே உட்கார வையுங்கள். கேட்கும் வரை காத்திருக்காமல் மணிக்கொரு தரம் தண்ணீரோ மோரோ கையில் கொடுங்கள், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு எவ்வளவு தரலாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினாலோ, ஆளை அடையாளம் தெரியாமல் உளறினாலோ, மயங்கினாலோ 108க்குப் போன் செய்யுங்கள். வியர்வை நின்றுபோயிருக்கலாம், சிலருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வண்டி வரும் வரை சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீரால் நனைத்து, ஃபேனை நேராக அடிக்க விடுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.